பெட்டி திறக்கும் நாள்

போட்டி என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது பரிசளிப்பு விழாதான். மேடை, கோப்பை, கைதட்டல், மறுநாள் அறிவிப்புப் பலகையில் பெயர்! ஓடி முடித்தவளை ஊரே பார்க்கிறது. அவள் எந்தக் கோட்டில் நின்று ஓடத் தொடங்கினாள், பக்கத்தில் ஓடியவள் எந்தக் கோட்டில் நின்றாள் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு போட்டி நேர்மையானதா என்பதை அறியப் பரிசு நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது தொடங்கும் நாளிலேயே தெரிந்துவிடும் என்பது எங்கள் கருத்து. இதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டில் தோன்றி இன்று பல நாடுகளுக்கும் பரவியுள்ள மாணவர் ரோபோ போட்டி ஒன்றின் தொடக்க நாள் எப்படி வளர்ந்து வந்தது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். ரோபோ என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். திருகாணி, மோட்டார் பற்றி நாங்கள் சொல்லப் போவது மிகக் கொஞ்சமே.

டீன் கேமன் என்பவர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாழும் கண்டுபிடிப்பாளர். நோயாளிகள் உடலோடு அணிந்துகொள்ளத்தக்க மருந்து செலுத்தும் கருவியை உருவாக்கிப் பெயர் பெற்றவர். விளையாட்டு வீரர்களின் பெயரெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கிறது, ஒரு விஞ்ஞானியின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்களே என்ற ஆதங்கம் அவருக்கு. (நம் வகுப்பில் கேட்டாலும் இதே கதைதான். கிரிக்கெட் அணியின் 11 பெயரையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் எங்களிடையே உண்டு.) ஆகவே 1989-இல் அவர் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவியலையும் ஒரு விளையாட்டுப் போட்டிபோல் ஆரவாரத்தோடு நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் அணி அணியாகச் சேர்ந்து ஓர் எந்திரத்தைச் செய்ய வேண்டும். எல்லா அணிகளின் எந்திரங்களும் ஒரே ஆடுகளத்தில் இறங்கி விளையாட வேண்டும். முதல் போட்டி 1992-இல் மான்செஸ்டர் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடைபெற்றது. கலந்துகொண்ட அணிகள் 28.

அந்த முதல் ஆடுகளம் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? தரை முழுவதும் மக்காச்சோள மணிகளைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள்! அதன்மேல் ஓடி டென்னிஸ் பந்துகளைச் சேகரிக்க வேண்டும். சோள மணிக் குவியலில் சக்கரம் வைத்தால் என்ன ஆகும்? மணலில் மாட்டிய சைக்கிள் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், நகராது. இப்படி ஒரு வினாவைக் கேட்டவர்கள் குறும்புக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குறும்புக்காரர்களில் முக்கியமானவர் ஊடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர். புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் எந்திரப் பொறியியல் கற்பித்தவர். 1970-களில் அவர் நடத்திய வடிவமைப்பு வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரியான உதிரிச் சாமான்கள் தரப்படும். பார்த்தால் குப்பைக்கூடைச் சரக்கு போலிருக்கும். எல்லாருக்கும் ஒரே வேலை சொல்லப்படும். அந்தச் சாமான்களைக் கொண்டே அந்த வேலையைச் செய்யும் கருவியை உருவாக்க வேண்டும், முடிவில் கருவிகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். ஒரே சாமான், ஒரே வினா, விடையோ ஆளுக்கொன்று! கேமனும் ஃபிளவர்ஸும் சேர்ந்து நடத்திய போட்டிக்கு இந்த வகுப்பறைப் பழக்கமே வித்து எனலாம்.

இதிலிருந்து பிறந்ததுதான் தொடக்க நாள். கால்பந்தாட்டத்தில் முதல் உதைக்குச் சொல்லும் ‘கிக்-ஆஃப்’ என்ற பெயரையே அதற்கும் வைத்தார்கள். பெரும்பாலும் ஜனவரி மாதத்தின் முதல் அல்லது இரண்டாம் சனிக்கிழமை அது வரும். அன்றைக்குத்தான் அந்த ஆண்டின் விளையாட்டு என்ன என்பதே வெளியிடப்படும். அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அன்றே அணிகளுக்குப் பெட்டியும் கிடைக்கும். அதில் மோட்டார்கள், மின்கலம், கம்பிகள், எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி முதலியன இருக்கும். காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சிறு மோட்டார்கூட அந்தப் பெட்டியில் இடம்பெற்றதுண்டு. தொடக்க ஆண்டுகளில் வெளிப்பொருள்களைச் சேர்ப்பதற்குக் கடுமையான வரம்பு இருந்தது. அன்றிலிருந்து 6 வாரம். அதற்குள் 50 கிலோவுக்கு மேல் கனக்கக்கூடிய ஓர் எந்திரத்தைச் செய்து முடித்துவிட வேண்டும்.

‘ஏன் இந்த ஒளிவு மறைவு? முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் நன்றாகத் தயார் செய்வார்களே’ என்று கேட்கலாம். எங்கள் வகுப்பிலேயே சிலர் கேட்டார்கள். இதற்கு விடை 2009-ஆம் ஆண்டின் தொடக்க நாளில் இருக்கிறது. அப்பொல்லோ 11 நிலவில் இறங்கி 40 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி அந்த ஆண்டின் விளையாட்டை நிலவின் பெயரோடு அமைத்தார்கள். நிலவில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அங்கே கால் ஊன்றாது. ஆகவே ஆடுகளத்துக்கு வழுக்கும் பிளாஸ்டிக் தரை போட்டார்கள். எல்லா அணிகளும் ஒரே வகையான வழுக்குச் சக்கரங்களையே பூட்ட வேண்டும் என்றும் விதி செய்தார்கள். 15 ஆண்டுகளாகச் சிறந்த சக்கரம் எது, அதற்கு எந்த ரப்பர் நன்றாகப் பிடிக்கும் என்று ஆராய்ந்து வைத்திருந்த பழைய அணிகளின் ஏடெல்லாம் அன்று ஒரே நொடியில் பயனற்றுப் போயிற்று. அந்த ஆண்டுதான் முதன்முதலாகச் சேர்ந்த அணியும், ஆரம்ப காலத்திலிருந்தே ஆடி வந்த அணியும் ஒரே தரையில் வழுக்கின. 2001-இல் இன்னும் விசித்திரம்: நான்கு அணிகளும் ஒரே பக்கம் நின்று ஆட வேண்டும், எதிர் அணியே கிடையாது! வெல்வதற்கு ஆளே இல்லாத ஒரு விளையாட்டைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் எப்படித் திகைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

2010-இல் கால்பந்து, 2012-இல் கூடைப்பந்து, 2013-இல் எறிதட்டு என்று ஆண்டுதோறும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. 2025-இல் கடலடிப் பவளப்பாறை. பவளம் என்று சொல்லப்பட்டவை பி.வி.சி. குழாய்த் துண்டுகள், கடற்பாசி என்றவை பெரிய பந்துகள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பவளம் என்று நம்பச் சொன்னால் நாம் சிரிப்போம், அவர்கள் அதை அடுக்கி மதிப்பெண் பெற்றார்கள். ஆண்டுதோறும் புது வினா பிறப்பதால், ‘போன வருஷத்து அக்கா கொடுத்த நோட்டு’ அங்கே செல்லுபடியாகாது.

வினா புதிதாக இருந்தால் மட்டும் போதுமா? அது எல்லாரையும் ஒரே வேளையில் சென்று சேர வேண்டுமே! இந்தத் தொடக்க நாளின் வரலாற்றில் எங்களை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

ஆரம்பத்தில் அணிகளின் சார்பில் வந்தவர்கள் நியூ ஹாம்ப்ஷயருக்கே நேரில் போய், விளையாட்டைக் கண்ணால் பார்த்து, பெட்டியைப் பெற்றுத் திரும்பினார்கள். ஜனவரி மாதம் அங்கே பனி கொட்டும் காலம். பக்கத்து ஊர்க்காரர் மாலையில் வீடு திரும்பி வேலையைத் தொடங்கிவிடுவார். தொலைவிலிருந்து வந்தவருக்கு வழிப்பயணத்திலேயே நாள் கழியும். 28 அணிகள் இருந்தவரை இது பெரிதாகத் தோன்றியிராது. அணிகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது இது சரிப்படவில்லை. ஆகவே 2000-களில் தொடக்க நாள் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி வழியே அனுப்பினார்கள். ஒளிபரப்பியது யார் தெரியுமா? விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாசா நிறுவனத்தின் சொந்தத் தொலைக்காட்சி! மான்செஸ்டரில் உள்ள தெற்கு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக அரங்கிலிருந்து பல ஆண்டுகள் இந்த நிகழ்ச்சி நடந்தது. நாட்டின் வெவ்வேறு மூலைகளில் உள்ள பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அக்கம்பக்கத்து அணிகள் கூடி அமர்ந்து, அதே நேரத்தில் அதைப் பார்த்தன. பெட்டிகள் முன்னரே அந்தந்த இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அன்றுதான் கையில் கிடைக்கும்.

விதிப்புத்தகம் என்ன ஆயிற்று? அதையும் முன்னதாகவே எல்லாருக்கும் கணினி வழியே கொடுத்துவிட்டார்கள், ஆனால் பூட்டுப் போட்டு! கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. ஒளிபரப்பில் விளையாட்டு அறிவிக்கப்பட்ட பின்பே அந்தக் கடவுச்சொல் வெளியாகும். அந்த நொடியில் எல்லா ஊர்களிலும் விரல்கள் ஒரே சொல்லைத் தட்டும்.

பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கமே தேவையில்லை. அரசுப் பொதுத்தேர்வின் வினாத்தாள் முத்திரையிட்ட உறையில் வருகிறது. சென்னை மாநகரத்துப் பெரிய பள்ளியிலும், மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளியிலும் காலை 10 மணிக்கே அது எங்கள் கைக்கு வரும். ஒரு நிமிடம் முன்னே எங்கேனும் அது கசிந்தால் நாடே கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். ஏனென்றால் ஒரு வருட உழைப்பு அந்த 10 மணியை நம்பித்தான் இருக்கிறது. பூட்டிய விதிப்புத்தகமும் அதே நம்பிக்கையைக் காப்பாற்றத் தோன்றியதே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தேர்வில் முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே தருகிறார்கள். அந்த நேரத்தில் பேனாவைத் தொடக் கூடாது. எங்களில் பலர் அந்த 10 நிமிடத்தில் கூரையைப் பார்க்கிறோம் என்று எங்கள் ஆசிரியைக்குப் பெரிய குறை. அங்கேயும் நல்ல அணிகள் தொடக்க நாளன்று திருகாணியைத் தொடுவதில்லையாம். விதிகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண், எது தடை, எதைச் செய்யாமல் விட்டாலும் வெல்லலாம் என்று பலகையில் எழுதி வாதிடுகிறார்கள். பொழுது சாயும்வரை பேச்சுத்தான். வினாவைச் சரியாகப் படிப்பதே பாதி விடை என்பதைப் பெரியவர்கள் சொன்னால் நமக்குச் சலிப்பாக இருக்கிறது, 3,000-க்கும் மேற்பட்ட அணிகள் அதையே செய்கின்றன என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கத் தோன்றுகிறது.

தொடக்க நாளில் எல்லாமே எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். பூட்டு திறக்குமுன் சொற்பொழிவுகள் உண்டு. கேமன் பேசுவார், ஃபிளவர்ஸ் இருந்தவரை அவரும் பேசுவார், உதவி செய்த நிறுவனங்களின் சார்பிலும் சிலர் பேசுவார்கள். உள்ளே துடிப்போடு பிள்ளைகள், மேடையில் நிதானமாகப் பெரியவர்கள்! இந்த ஒரு விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே முறைதான் போலும் என்று நம் ஆண்டு விழாவை நினைத்துக்கொண்டோம். ஆனாலும் ஃபிளவர்ஸ் அந்த மேடைகளில் விடாமல் வலியுறுத்திய ஒன்று உண்டு. கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிராளியிடம் பண்போடு நடந்துகொள், அவன் எந்திரம் பழுதானால் உன் கருவியைக் கடன் கொடு என்பதே அது. பண்புள்ள தொழில்நெறி என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவர் 2019 அக்டோபரில் காலமானார். அடுத்த ஜனவரியில் வந்த தொடக்க நாள் அவர் இல்லாமல் வந்தது.

தொடக்கத்துக்கு முந்தைய வாரங்களில் அமைப்பினரே ஒரு புதிர்க் குறிப்பை வெளியிடும் வழக்கமும் இருந்தது. ஒரு படம், அல்லது புரியாத ஓரிரு வரி. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தண்ணீர் விளையாட்டா, பந்தா, ஏணியா என்று வாரக்கணக்கில் ஊகிப்பார்கள். பெரும்பாலும் தவறாகவே ஊகிப்பார்கள் என்பதுதான் அதன் சுவை.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் வினா கிடைத்துவிட்டால் தொடக்கம் சமமாகிவிடுமா? ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. 2010-களில் ஒரு புதிய அணி பதிவுக் கட்டணமாக மட்டும் சுமார் 6,000 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. சில அணிகளுக்குப் பெரிய தொழிற்சாலைகளின் பொறியாளர்கள் துணை நிற்கிறார்கள், கணினியால் இயங்கும் வெட்டுப்பொறிகள் இருக்கின்றன. வேறு சில அணிகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு துளையிடும் கருவியும்தான். வெளிப்பொருள்களுக்கான வரம்பு காலப்போக்கில் தளர்ந்ததால் பணத்தின் கை இன்னும் நீண்டது. கடிகாரமும் எல்லார்க்கும் ஒன்றல்ல. அங்கே நண்பகல் 12 என்றால் துருக்கியில் இரவு 8 மணி, இந்தியாவில் இரவு 10.30, சிட்னியில் மறுநாள் விடியற்காலை 4 மணி. மும்பையிலிருந்தும் இந்தப் போட்டிக்கு ஓர் அணி சென்றதுண்டு. ஊர் உறங்கப் போகும் நேரத்தில் அவர்களுக்கு வினா திறக்கும்.

இதற்கு மாற்றுச் செய்ய அமைப்பினர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அந்த 6 வாரக் கெடுவின் கதையைப் பாருங்கள். முதலில் கெடு முடிந்ததும் எந்திரத்தை மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிவிட வேண்டும். பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் இட்டு எண்ணிட்ட முத்திரைப் பட்டையால் மூடி வைக்க வேண்டும், போட்டி நாள்வரை திறக்கக் கூடாது. எல்லார்க்கும் ஒரே கெடு, நல்ல விதிதானே! ஆனால் வசதியுள்ள அணிகள் என்ன செய்தன? ஒன்றுக்கு இரண்டாக எந்திரம் செய்துகொண்டன. ஒன்று பையில் உறங்கும், இரட்டைப் பிறவி வெளியே பயிற்சி செய்துகொண்டிருக்கும். ஏழை அணிக்கு ஒரே எந்திரம், அதுவும் பைக்குள். சமத்துவத்துக்காக எழுதிய விதி இப்படித் தலைகீழாகப் போனதைக் கண்டு, 2020-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அந்தக் கெடுவையே நீக்கிவிட்டார்கள். இருந்தும் தொடக்க நாளை விட்டுவிடவில்லை. முடியும் நாள் போனது, தொடங்கும் நாள் நின்றது. இது எங்களுக்குச் சரியாகவே படுகிறது. எப்போது முடிப்பது என்பது அவரவர் வசதியைப் பொறுத்து மாறலாம், வினாவை யார் முதலில் அறிவது என்பது மட்டும் வசதியைப் பொறுத்து மாறக் கூடாது.

2013 முதல் வந்த ஒரு வழக்கம்தான் எங்களிடையே பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. பட்டம் பெற்ற அனுபவசாலிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, தொடக்க நாளிலிருந்து 3 நாட்களுக்குள் ஓர் எந்திரத்தைச் செய்து, அதைப் படம்பிடித்து எல்லாரும் பார்க்க வெளியிடுகிறார்கள். துணைக்கு ஆளில்லாத அணிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பது நல்ல நோக்கம். எங்களில் பாதிப்பேர் இதை வரவேற்றார்கள். மறுபாதியோ, ‘பாடம் தொடங்கிய மூன்றாம் நாளே கைடு புத்தகம் கடைக்கு வந்தால் யார் பாடம் படிப்பார்?’ என்று கேட்டார்கள். உணவு இடைவேளை முடிந்தும் இது தீரவில்லை. கைடு வைத்திருப்பவள், வைத்திராதவள் என்ற வேற்றுமையாவது இதில் இல்லையே, எல்லார்க்கும் விலையின்றிக் கிடைக்கிறதே என்பதால் நாங்கள் ஓரளவு சமாதானம் அடைந்தோம். ஓரளவுதான்.

நம்மைப் போன்ற பள்ளிகளும் அந்தக் களத்தில் உண்டா என்று அறிய ஆவலாக இருந்தது. உண்டு! பென்சில்வேனியா மாநிலத்தில் மவுண்ட் செயின்ட் ஜோசப் அகாதெமி என்ற கத்தோலிக்க மகளிர் பள்ளி இருக்கிறது. அதன் அணிக்குப் பெயர் ‘ஃபயர்பேர்ட்ஸ்’, நெருப்புப் பறவைகள். முழுக்க மாணவியர் அணி. பிட்ஸ்பர்க் நகரில் 2010-இல் தொடங்கிய மற்றொரு மாணவியர் அணி ‘கேர்ள்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. இரும்பு உருக்கும் ஊர்ப் பெண்களுக்கு ஏற்ற பெயர்தான். சிறு வயதிலேயே ரேடியோவையும் மிக்சியையும் பிரித்துப் பார்க்க வீட்டில் அனுமதி கிடைப்பது பெரும்பாலும் அண்ணன் தம்பிகளுக்கே. நமக்குக் கிடைப்பது, பிரித்துப் போட்டதைப் பெருக்கி எடுக்கும் வேலை. அப்படிப்பட்ட ஓர் உலகில், எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்களாக ஒரே அரங்கில் அமர்ந்து, ஒரே நொடியில் புதிய வினாவைக் கேட்கும் நாள் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய வரம்! பழைய பழக்கம் பிறகு வேலை செய்யத் தொடங்கும் என்பது வேறு. அந்த ஒரு நாளாவது கோடு நேராக இருக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பருவம் பாதியில் நின்றது. 2021 ஜனவரியில் யாரும் எங்கும் கூட முடியவில்லை. ஆனாலும் தொடக்க நாள் நின்றுவிடவில்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே திரையில் பார்த்தார்கள். அணிகள் சேர்ந்து மோதும் புதிய விளையாட்டு அவ்வாண்டு இல்லை. அதற்கு மாற்றாக, வீட்டருகே செய்யத்தக்க பயிற்சிகளோடு, ‘நீங்களே ஒரு விளையாட்டை உருவாக்குங்கள்’ என்றும் ஒரு போட்டி வைத்தார்கள். 30 ஆண்டு காலம் வினாவைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் வினாத்தாள் எழுதப் போனார்கள்! எங்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்தால் கணக்குத் தேர்வை எப்படி அமைப்போம் என்று இங்கே எழுதுவது உசிதமன்று.

‘பார்த்தீர்களா, வீட்டிலிருந்தே பார்த்துவிட்டார்களே, கூடுவது எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் விடை இருக்கிறது. பள்ளி மூடிய அந்த நாட்களில் நாங்கள் சின்ன வகுப்பில் இருந்தோம். ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும். வினா ‘அனுப்பப்பட்டது’ என்பதும் வினா ‘வந்து சேர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல என்று எங்களுக்கு அப்போதே தெரியும். ஒரே கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னால்தான், யாருக்கும் முன்னால் யாருக்கும் தெரியவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியும்.

எங்களை இவ்வளவு எழுதவைத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிகளுக்கிடையேயான அறிவியல் போட்டி ஒன்றுக்குச் சென்றோம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். தலைப்பு எங்களுக்கு வந்து சேர்ந்தபோது போட்டிக்கு 9 நாட்களே இருந்தன. அங்கே போய்ப் பார்த்தால், வேறு பள்ளிகளைச் சேர்ந்த தோழியர் ஒரு மாதமாக அதே தலைப்பில் உழைத்திருந்தார்கள். அவர்கள்மீது எங்களுக்குக் கோபம் இல்லை, நன்றாகவே செய்திருந்தார்கள். முதற்பரிசு பெற்ற மாதிரியோ ப்ராஜெக்ட் செய்து தரும் கடையிலிருந்து வந்தது. அதன் விளக்கை எரியவைக்கும் பொத்தான் எங்கே என்று அருகில் நின்றவருக்கே தெரியவில்லை. எங்கள் குழுவில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி, இரவுப் படிப்பு முடிந்து தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து தெர்மக்கோலை வெட்டினாள். திரும்பி வரும் வழியில் பேருந்தில் அவள் தோற்றதைப் பற்றிப் பேசவே இல்லை. ‘இன்னும் 10 நாள் இருந்திருந்தால் அந்தச் சக்கரம் சுற்றியிருக்கும்’ என்று மட்டும் சொன்னாள்.

வெளியார் நடத்தும் போட்டிகளை நாம் மாற்ற முடியாது. நம் பள்ளியின் அறிவியல் கண்காட்சி நம் கையில் இருக்கிறது. மதிப்புக்குரிய தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களும் அறிவியல் ஆசிரியைகளும் எங்கள் வேண்டுகோளைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வரும் கல்வியாண்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளை அரங்கில் உட்காரவைத்து, மூடிய உறையைப் பிரித்து ஒரே ஒரு வினாவைப் படிக்கலாம். ‘தரையில் கிடக்கும் 10 கோலிக்குண்டுகளைக் கையால் தொடாமல் ஒரு டம்ளரில் போடும் கருவி’ என்பது போன்ற ஏதாவது ஒன்று. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி தரலாம்: ஒரு பொம்மைக்கார் மோட்டார், இரண்டு பேட்டரி, கம்பி, ரப்பர் பாண்டு, ஐஸ் குச்சிகள், அட்டை, சைக்கிள் ஸ்போக் நான்கு. ஒரு பெட்டிக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆகாது என்று எங்கள் கணக்கு. பெட்டியில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. மூன்று வாரம், கடைசிப் பாடவேளையில், பள்ளியிலேயே வேலை. செய்தது ஆய்வக அலமாரியில் இருக்கும், வீட்டுக்குப் போகாது. அப்படியானால் விடுதித் தோழியும், பொறியாளர் மகளும், கூலி வேலை செய்பவரின் மகளும் ஒரே சாமானோடு உட்காருவார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மகளுக்குப் பதிலாக இரவெல்லாம் விழித்துப் பசை ஒட்டிய தந்தையர் பலர் நம் பள்ளியில் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். அவர்களுக்கு இந்த ஏற்பாட்டினால் நல்ல தூக்கமும் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு நாங்கள் மேல்வகுப்புக்குப் போய்விடுவோம், இப்போட்டியில் சேர முடியாது. ஆகவே பெட்டிகளை நிரப்பும் வேலையை எங்களிடம் ஒப்படைக்கலாம். ஸ்போக்கை எண்ணி வைப்போம், பேட்டரி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்போம். வினா என்ன என்று சின்ன வகுப்புத் தங்கைகள் எத்தனை முறை கேட்டாலும் அந்த வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்க மாட்டோம். பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்குப் பேச்சு அதிகம் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டாம். அதைச் சோதித்துப் பார்க்கவும் இது நல்ல வாய்ப்பு.